நோன்பும் பட்டினியும்

ஓர் ஊரில் ஒரே நாளில் இரண்டு வீடுகளில் அடுப்பு மூட்டப்படவில்லை. ஒரு வீட்டில் அன்று கந்தசஷ்டி விரதம். மற்ற வீட்டில் அரிசி இல்லை. மாலை வரையில் இரு வீட்டாரின் வயிறும் ஒரே விதமாகவே காய்ந்தது. ஆயினும் முதல் வீட்டாரின் உண்ணாமையை நோன்பு என்று போற்றுகிறோம்; இரண்டாம் வீட்டாரின் உண்ணாமையைப் பட்டினி என்று சொல்லி இரங்குகிறோம்; சில வேளைகளில் இரங்காமலும் கடந்து போகிறோம். இரண்டையும் பிரித்து வைப்பது எது?

பொருளியலறிஞர் அமர்த்தியா சென் வறுமையைப் பற்றி ஆராயும்போது இவ்வேறுபாட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். உண்ண வழியிருந்தும் உண்ணாதிருப்பவரும், உண்ண வழியே இல்லாதவரும் உட்கொண்ட உணவின் அளவில் ஒத்தவராகலாம். தெரிவு செய்யும் உரிமையில் அவர்கள் ஒத்தவரல்லர். நோன்பு என்பது மறுக்கக்கூடிய உணவு உள்ளவரின் செயல். தமிழ்ச் சொல்லின் வரலாறும் இங்குக் கவனிக்கத்தக்கது. இன்று வறியவரின் பசியையே சுட்டும் ‘பட்டினி’ என்னும் சொல், சிலப்பதிகாரத்தில் நோன்பாளரைக் குறிக்கும் தொடரில் வருகிறது. விரும்பி ஏற்ற பசியையும் வந்து சேர்ந்த பசியையும் ஒரு காலத்தில் ஒரே சொல் தாங்கியிருக்கிறது. பின்னரே இரண்டும் பிரிந்தன.

உலகின் பெருஞ் சமயங்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் உண்ணாமையைப் போற்றுவதேன்? இவ்வினாவுக்கு இரண்டு எளிய விடைகள் வழங்குகின்றன. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கவே முன்னோர் நோன்பை வகுத்தனர் என்பது ஒன்று. பசித்த மக்கள் தம் பசியைப் புண்ணியமென எண்ணி அடங்கியிருக்கும் பொருட்டு மதகுருமார் செய்த சூழ்ச்சியே நோன்பு என்பது மற்றொன்று. முதல் விடை இக்கால மருத்துவ அறிவைப் பண்டைக் காலத்தின் மீது ஏற்றிச் சொல்வது. இரண்டாவது விடை முற்போக்குச் சிந்தனையாளர் சிலருக்கு உவப்பானது; எனினும் அதுவும் வரலாற்றுக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. நோன்பு வெவ்வேறு சமுதாயங்களில் வெவ்வேறு தேவைகளிலிருந்து தோன்றியது. அவற்றைத் தனித்தனியே நோக்கிய பின்னரே பொதுமை காண முயல்வது முறையாகும்.

உபவாசம் என்னும் வடசொல்லிலிருந்து தொடங்குவோம். இச்சொல்லின் நேர்ப்பொருள் உண்ணாமை அன்று. அருகிலிருத்தல் என்பதே அதன் பொருள். கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த சதபத பிராமணம் இதற்குச் சுவையான விளக்கம் தருகிறது. ஒருவன் நாளை வேள்வி செய்யப் போகிறான் என்பதைத் தேவர்கள் அறிந்து, முதல் நாளே அவன் இல்லத்துக்கு வந்து தங்குகின்றனர். மனித விருந்தினர் பசித்திருக்கும்போதே வீட்டார் உண்பது பண்பன்று. தேவர் காத்திருக்கும்போது உண்பது எங்ஙனம் தகும்? ஆகவே அவன் உண்ணாதிருக்கிறான். அவ்விடத்தே யாக்ஞவல்கியரின் தீர்வொன்றும் கூறப்படுகிறது: வேள்வியில் படைக்கப்படாத காட்டுப் பொருள்களையும் பழங்களையும் உண்ணலாம், அவை உண்டும் உண்ணாதனவாகவே கொள்ளப்படும். விரத நாளில் சோற்றை விலக்கிப் பழத்தை ஏற்கும் நம் வழக்கத்துக்கு ஒப்பான எண்ணம் அத்துணைத் தொன்மையானது. இங்கு உண்ணாமையின் அடிப்படை விருந்தோம்பல் முறையே. ஆனால் தேவரை விருந்துக்கு அழைக்கத் தானியமும் கால்நடையும் உடையவனே இந்நோன்பை நோற்க இயலும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கங்கைச் சமவெளியில் நகரங்களும் வணிகமும் வளர்ந்த காலத்தில், அதாவது கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுகளை ஒட்டி, வேள்வியை மறுத்த துறவியர் கூட்டங்கள் எழுந்தன. சமணருக்கு உண்ணாமை விருந்துமுறை அன்று. உயிரிற் படிந்த வினையை எரிக்கும் தீ அது. அத்தீயை இறுதி எல்லை வரை கொண்டு செல்வதே உண்ணாது உயிர்விடும் சல்லேகனை. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரை நினைவுகூரும் கல்வெட்டு இன்றும் உள்ளது. சங்க காலத்துக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதையும் நாம் அறிவோம்; அங்கு வினையறுத்தலைவிட மானமே முன்னிற்கிறது. சமண மரபு இன்றும் வழக்காற்றில் உள்ளது. 2015 ஆம் ஆண்டு இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதனைத் தற்கொலைக்கு ஒப்பானதாகத் தீர்ப்பளித்ததும், அதே ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இடைநிறுத்தியதும் குறிப்பிடத்தக்கன.

இதே துறவியர் உலகிலிருந்தே அதற்கான மறுப்பும் பிறந்தது. சித்தார்த்தர் உடல் எலும்புக்கூடாகும் வரை உணவைக் குறைத்துப் பார்த்தார். அவ்வழியில் ஞானம் இல்லை என்று கண்டு மீண்டும் உணவை ஏற்றார். அதனால் உடனிருந்த ஐவர் அவரை விட்டு நீங்கினர். பௌத்தத்தின் நடுவழி ஒரு பிடி சோற்றிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஆயினும் உண்ணாமையைப் பௌத்தம் முற்றாகக் கைவிடவில்லை. பிக்குகள் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. அதற்குப் பாலி நூல்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று மிகவும் உலகியல் சார்ந்தது. இருளில் பிச்சை ஏற்கச் சென்ற பிக்கு ஒருவரை மின்னல் ஒளியில் கண்ட பெண்ணொருத்தி பேய் என்று எண்ணி அலறினாளாம்! பிறர் உழைப்பில் உண்பவர் உழைப்போருக்குத் தொல்லையாதல் கூடாது என்னும் எண்ணத்தை இக்கதையில் நாம் காணலாம். போயா நாளின் வரலாறும் இத்தகையதே. பிற சமயத்தார் பிறைக் கணக்கின் குறித்த நாட்களிற் கூடி மக்களை ஈர்ப்பதைக் கண்ட மகத மன்னன் பிம்பிசாரன், பௌத்த சங்கமும் அவ்வாறு கூடவேண்டுமெனப் புத்தரிடம் வேண்டினான் என்று விநய நூல் கூறுகிறது. இலங்கையில் வெள்ளுடை அணிந்து சில் அனுட்டிப்போர் இன்றும் நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பது அம்மரபின் தொடர்ச்சியே.

இனி மேற்காசியாவுக்குச் செல்வோம். யூதரின் நோன்பில் விருந்துமுறையும் வினையெரிப்பும் இல்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் குற்றவுணர்வும் துயர நினைவுமே அங்கு முதன்மை பெறுகின்றன. பாவநிவிர்த்தி நாளில் முழுச் சமூகமும் உணவை விடுகிறது. எருசலேம் ஆலயம் அழிந்த நாளிலும் அவ்வாறே. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் ஆலயத்தை அழித்தனர். ஆலயம் மீளக் கட்டப்பட்டு வந்த கி.மு. 518 இல் மக்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது: அழிவுக்காக நோற்ற நோன்பை இன்னமும் தொடர வேண்டுமா? சகரியா தீர்க்கதரிசி நேரே விடை கூறவில்லை. நீங்கள் யாருக்காக உண்ணாதிருந்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். விதவையையும் அநாதையையும் அந்நியனையும் வறியவனையும் ஒடுக்காதீர்கள் என்றார். ஏசாயாவின் நூல் இன்னும் கடுமையானது. நோன்பு நாளில் வேலையாட்களை வருத்துவோரை அது சாடுகிறது. ஒடுக்கப்பட்டோரின் தளையை அவிழ்ப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்கிறது. இப்பகுதியை யூதர் பாவநிவிர்த்தி நாளன்றே, வெறும் வயிற்றோடு தொழுகைக் கூடத்தில் இருக்கும் வேளையிலேயே, வாசிக்கின்றனர். நோன்பைப் பற்றிய வன்மையான கண்டனம் நோன்பின் நடுவிலேயே ஒலிக்கிறது.

கிறித்தவம் இம்மரபிலிருந்து கிளைத்தது. நான்காம் நூற்றாண்டளவில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் உருப்பெற்றிருந்தது. மத்தியகால ஐரோப்பாவில் திருச்சபை பெரும் நிலவுடைமை நிறுவனமாக வளர்ந்தபோது நோன்பும் பொருளாதார உறவுகளுக்குள் சிக்கியது. தவக்காலத்தில் இறைச்சியோடு வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தது. தென்னாட்டாருக்கு ஒலிவ எண்ணெய் உண்டு. வடநாட்டு ஏழைக்கு வெண்ணெயை விட்டால் வேறு கொழுப்பு அரிது. விதியினின்று விலக்குப் பெறப் பணம் செலுத்த வேண்டும். பிரான்சின் ரூவான் பேராலயத்தின் கோபுரமொன்று இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே அழைக்கப்படுகிறது. 15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட அதன் கட்டட வேலைக்கு அவ்விலக்குப் பணம் உதவியது. 1520 இல் மார்ட்டின் லூதர் இவ்விலக்கு வாணிபத்தைச் சாடினார்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1522 ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் அச்சகம் ஒன்றிலே சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கிறிஸ்தோப் புரோஷவர் என்னும் அச்சகத்தாரின் வீட்டில் கூடியோர், புகையிலிட்ட இறைச்சிக் குழல்களைத் துண்டுகளாக்கி உண்டனர். விசாரித்த நகர சபைக்கு அவர் அளித்த விடை வரலாற்று மாணவர் மனங்கொள்ள வேண்டியது. பிராங்க்போர்ட் புத்தகச் சந்தைக்குள் வேலையை முடிக்க இரவும் பகலும் உழைக்கிறோம். கூழைக் குடித்துக்கொண்டு இவ்வேலை செய்ய இயலாது. எப்போதும் மீன் வாங்கவும் வசதியில்லை என்றார் அவர். அங்கிருந்தும் உண்ணாத ஸ்விங்ளி என்னும் குருவானவர், உணவை விலக்குவதும் ஏற்பதும் விசுவாசியின் சுதந்திரம் என்று போதித்தார். சூரிச்சின் சமயச் சீர்திருத்தம் தொழிற்கூடத்து உணவிலிருந்தே வெளிப்பட்டது.

நோன்பு அரசின் கருவியாக மாறியதற்கு இங்கிலாந்து சான்று. புரட்டஸ்தாந்து சமயத்துக்கு மாறிய பின்னரும், இறைச்சியை விலக்கி மீன் உண்ணும் நாட்களை அந்நாடு சட்டத்தால் நிலைநிறுத்தியது. 1563 ஆம் ஆண்டுச் சட்டம் புதன்கிழமையையும் மீன் நாளாக்கியது. மீனவரும் மாலுமிகளும் பெருகினால் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பதே நோக்கம். இச்சட்டத்தின் வேடிக்கை யாதெனில், ஆன்ம ஈடேற்றத்துக்கு இது தேவை என்று போதிப்போருக்கு அதுவே தண்டனையும் விதித்ததுதான். இறைவன் அகன்ற பின்னும் நோன்பு எஞ்சி நின்றது. அரசு அவ்விடத்தில் அமர்ந்தது.

இஸ்லாத்தில் ரமழான் நோன்பு ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624 இல், கடமையாக்கப்பட்டது. மதீனாவில் ஒரு புதிய சமுதாயம் தன்னை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. குலங்களாகப் பிரிந்திருந்த மக்களை ஒரே நேரத்தில் பசிக்கவும் ஒரே நேரத்தில் உண்ணவும் செய்தது இந்நோன்பு. செல்வனுக்கும் ஏழைக்கும் கதிரவன் ஒரே வேளையில்தான் மறைகிறான். சந்திர ஆண்டைப் பின்பற்றுவதால் ரமழான் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வருகிறது. நோயாளருக்கும் பயணிகளுக்கும் விலக்கு உண்டு; நோற்கவே இயலாதவர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். மாத முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன், குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயராலும் குறித்த அளவு தானியத்தை வறியவருக்கு வழங்கும் பித்ரா கடமையும் உண்டு. சத்தியத்தை முறித்தவருக்கான பரிகாரம் இன்னும் தெளிவானது. பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும். அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். இவற்றுக்கு வசதியில்லாதவரே மூன்று நாள் நோன்பிருக்கலாம் என்கிறது அல்குர்ஆன். பிறர் பசியைத் தீர்க்க வல்லவன் தான் பசித்திருந்து கடனைக் கழிக்க முடியாது!

நோன்பைக் கண்டு பொறுமையிழக்கும் சீர்திருத்தவாதிகளுக்கும் இங்கு ஒரு படிப்பினை உண்டு. 1960 இல் துனீசிய ஜனாதிபதி ஹபீப் பூர்கிபா, வறுமைக்கும் பின்தங்கிய நிலைக்கும் எதிரான போராட்டமும் புனிதப் போரே, போர் புரிவோருக்கு நோன்பில் விலக்குண்டு என்று வாதாடி, உழைப்பாளர் ரமழான் நோன்பைக் கைவிடலாம் என்றார். உற்பத்திக் கணக்கில் அவருடைய வாதம் பிழையற்றதாகத் தோன்றலாம். மக்களுட் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. தாம் விரும்பி ஏற்ற ஒன்றை, ஆண்டு முழுவதும் வறுமையில் வாடியவரிடமிருந்து மேலிருந்து வந்த ஆணையொன்று பறிக்க முனைந்தது. வறியவனுக்கும் ஏதேனும் ஒன்றைத் தானே மறுக்கும் பெருமை வேண்டும் என்பதை அவ்வாணை உணரவில்லை.

தமிழில் இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. பசியைப் பொறுக்கும் தவத்தோரின் ஆற்றலுக்கும் மேலானது அப்பசியை ஈகையால் மாற்றுவோரின் ஆற்றல் என்று திருக்குறள் ஈகை அதிகாரத்தில் வரிசைப்படுத்துகிறது. பௌத்த காப்பியமான மணிமேகலையில் துறவு பூண்ட தலைவியின் கையிலிருப்பது அமுதசுரபி. நயினாதீவோடு பலராலும் இணைத்துக் கூறப்படும் மணிபல்லவத்தில் அப்பாத்திரம் அவளுக்குக் கிடைக்கிறது. அவள் உண்ணாது தன்னை ஒறுத்துக்கொண்டு புகழ் பெறவில்லை. ஊரின் பசித்தோரைத் தேடிச் சென்று ஊட்டினாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள்.

நம் இல்லங்களையும் நோக்குதல் வேண்டும். கணவனின் நலனுக்காக இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம் அனுட்டிக்கும் பெண், விரதமற்ற நாளிலும் எல்லோரும் உண்டபின் எஞ்சியதையே உண்கிறாள் எனில், நோன்பு எங்கே முடிகிறது, பட்டினி எங்கே தொடங்குகிறது? அவளுடைய பக்தியை எள்ளி நகையாடுவது எம் நோக்கமன்று. அவ்விரத நாட்களேனும் அவள் தன் பெயரால், தன் விருப்பால் செய்யும் செயலாக அவளுக்குத் தோன்றலாம். சட்டியில் எஞ்சியதை உண்ணும் நாட்களே எம் கேள்விக்குரியவை.

உண்ணாமை தெரிவுக்குரிய செயலாதலின் அது பிறர்மீது ஏவும் படைக்கலமாகவும் ஆயிற்று. பண்டை அயர்லாந்தின் சட்டத்தில், உயர்ந்தோனிடமிருந்து தன் உரிமையைப் பெற இயலாதவன் அவன் வாயிலில் உண்ணாதிருக்கலாம். இந்தியாவிலும் கடன் கொடுத்தவன் கடனாளியின் வாயிலில் தர்ணா இருந்தான். ஆங்கிலேயர் 1860 இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை, தெய்வ கோபத்தைக் காட்டி அச்சுறுத்தும் தர்ணாவைக் குற்றத்துக்கு உதாரணமாகக் காட்டிற்று. 1920 இல் கோர்க் நகர மேயர் டெரன்ஸ் மக்ஸ்வினி லண்டன் சிறையில் 74 நாள் உண்ணாதிருந்து இறந்தார். 1929 இல் ஜதீந்திரநாத் தாஸ், அரசியற் கைதிகளை மனிதராக நடத்தக் கோரி லாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாதிருந்து மாண்டார். 1987 இல் திலீபன் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலருகே நீரும் அருந்தாது உயிர்நீத்ததும், 1988 இல் மட்டக்களப்பில் அன்னை பூபதி உண்ணாவிரதத்தில் இறந்ததும் நம் மண்ணின் நினைவுகள்.

இப்படைக்கலம் எப்போதும் வலியோனை நோக்கியே திரும்புவதில்லை. 1932 செப்டெம்பரில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோருக்கு வழங்கப்பட்ட தனித்தொகுதி உரிமைக்கு எதிராக எரவாடாச் சிறையில் காந்தியடிகள் சாகும்வரை உண்ணா நோன்பு தொடங்கினார். அவ்வுயிரின் சுமை அம்பேத்கரின் தோளில் ஏற்றப்பட்டது. செப்டெம்பர் 24 இல் பூனா ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 148 ஒதுக்கீட்டு இடங்கள் கிடைத்தன, தனித்தொகுதி போயிற்று. 1945 இல் வெளியிட்ட நூலில் அம்பேத்கர் அந்நோன்பைக் கடுமையாகக் கண்டித்தார். 1943 பெப்ரவரியில் காந்தியடிகள் 21 நாள் உண்ணாதிருந்தபோது உலகமே அவருடைய நாடித்துடிப்பைக் கணக்கிட்டது. அதே ஆண்டில் வங்கத்தில் 20 இலட்சத்துக்கும் 30 இலட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். அவர்களுடைய உண்ணாமையை எவரும் நாள் கணக்கிட்டு எண்ணவில்லை.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். வேள்வியாளன் விருந்துமுறைக்காகவும், சமணர் வினையறுக்கவும், யூதர் துயர் நினையவும், கிறித்தவர் தவத்துக்காகவும், முஸ்லிம்கள் ஒரு சமுதாயமாக இறைவன் முன் நிற்கவும் உண்ணாதிருந்தனர். காரணங்கள் வேறு. ஆயின் எங்கும் நோன்பு வலுப்பெற்ற இடத்தில் ஒரு குரலும் உடன் எழுந்திருக்கிறது: நீ உண்ணாது விட்ட உணவு எங்கே போயிற்று? ஏசாயாவிலும் அல்குர்ஆனிலும் குறளிலும் மணிமேகலையிலும் அக்குரல் கேட்கிறது. அதனை வெளியிலிருந்து சமயத்துக்குக் கற்பிக்க வேண்டிய தேவை நமக்கில்லை. சமயங்களுக்குள்ளேயே அது இருக்கிறது. வெண்ணெய்க்கு விலை வைத்தவரும் மீனுக்குச் சட்டம் செய்தவரும் அதனை அடக்க முயன்றனர் என்பதே வரலாறு.

2022 ஆம் ஆண்டு இலங்கையர் பலருக்கு இவ்வேறுபாடு ஏட்டுக் கல்வியாக இருக்கவில்லை. எரிவாயுவும் பால்மாவும் அரிதாயின. 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போதிய உணவுக்கு உறுதியற்றவராயினர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கணித்தன. வேளைகளைக் குறைத்து உண்ட அம்மக்களுக்கு யாரும் நோன்பின் புண்ணியம் வழங்கவில்லை. அவ்வாண்டு ரமழான் மாதம் ஏப்பிரலில் வந்தது; கிறித்தவரின் தவக்காலமும் அதனோடு இணைந்து வந்தது. ஏப்பிரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் தொடங்கிய மக்கள் போராட்டத்தினிடையே, மாலைத் தொழுகை வேளையில் முஸ்லிம்கள் நோன்பு திறந்தபோது, வேற்று மதத்தவரும் அருகமர்ந்து அவ்வுணவைப் பகிர்ந்தனர். சிலர் அன்று நோன்பிருந்தவர். சிலர் அன்று வேறு எதுவும் கிடைக்காதவராகவும் இருந்திருக்கலாம். ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணும்போது அவர்களை யாரும் பிரித்துக் கேட்கவில்லை.

அரிசி இல்லாத அந்த இரண்டாம் வீட்டுக்கு நாம் இனித் திரும்பிச் செல்லலாம். விரும்பினால் உண்ணவும், விரும்பினால் நோன்பிருக்கவும் அவ்வீட்டாருக்கு உரிமை கிடைக்கும் வரையில், நம் ஊரில் நோன்பு சிலருக்கே உரிய உடைமையாக இருக்கும்.